தெரியாது என்று சொல்லிப் பேர் வாங்கியவள்

அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவளுடைய குறைகள்தான். பாதம் ஆம்பிளைப் பாதம். ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைச் சப்பாத்து அவளுக்குப் போதாது. பின்பக்கத்தை மிதித்துச் செருப்பாக்கிக்கொண்டு வார்டு முழுக்க சரக் சரக்கென்று நடப்பாள். சீனியை உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டே தேத்தண்ணி குடிப்பாள். கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். நாங்கள் இருவரும் ஒரே அறையில் தங்கிப் படித்த காலத்தில் குறட்டை வேறு. இத்தனையும் இருந்தும் ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை மோசமாகிவிட்டால் டாக்டர் கூப்பிடுவது அவளைத்தான். நான் பக்கத்தில் நின்றாலும் என்னைத் தாண்டிப் பார்த்து, "அந்த மற்ற நர்ஸ் எங்கே?" என்பார்.

அந்த "மற்ற நர்ஸ்" என்ற சொல் என் வயிற்றில் எப்படி எரிந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

அது ஐம்பதுகளின் கடைசி. இலங்கை மலைநாட்டில் உடப்புசல்லாவைப் பக்கம் சில தேயிலைத் தோட்டங்கள் சேர்ந்து நடத்திய சின்ன ஆஸ்பத்திரி. நாற்பது கட்டில், ஒரு டாக்டர், ஒரு மேட்ரன், எங்களைப்போல் ஆறு நர்ஸ்மார். நானும் அவளும் கண்டியில் மூன்று வருஷம் ஒன்றாகப் படித்து, ஒரே நாளில் இங்கே வேலைக்கு வந்தவர்கள். பரீட்சையில் நான்தான் கூடுதல் மார்க். அவள் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரின் மகள், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, கல்யாணம் ஆகாதவள். நான் ஒரு ஃபெக்டரி கிளாக்கரைக் கட்டிக்கொண்டு, ஐந்து வயதில் ஒரு மகளோடு இரண்டு மைல் தள்ளி குவாட்டர்ஸில் இருந்தேன்.

அவளிடம் என்னதான் இருந்தது என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். அவளுக்கு "தெரியல" என்று சொல்ல வரும். அவ்வளவுதான். டாக்டர் காலையில் வார்டு சுற்றி வரும்போது, "இந்தப் பொம்பளைக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?" என்று எங்கள் இருவரையும் பொதுவாகக் கேட்பார். நான் அவர் வாயை மூடுவதற்குள் ஒரு பதில் சொல்லிவிடுவேன். பாதி நாள் அது சரியாகவும் இருக்கும். அவள் மட்டும், "தெரியல டாக்டர், பாத்துட்டு வந்து சொல்றேன்" என்பாள். போய் அந்தப் பொம்பளையின் கட்டிலில், நோயாளி கட்டிலில் உட்காரக்கூடாது என்ற மேட்ரனின் சட்டத்தைக் காற்றில் விட்டு, உட்கார்ந்துவிடுவாள். "எனக்கு ஒண்ணும் புரியலங்க, நீங்க சொல்லுங்க" என்பாள். நர்ஸ் மிஸிக்கே தெரியவில்லையாம் என்றதும் அந்தச் சனங்களுக்கு ஒரே குஷி. பாவம், நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கொட்டுவார்கள்.

ஒருமுறை நானும் முயற்சி செய்து பார்த்தேன். டாக்டர் ஏதோ கேட்டதும் முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு, "தெரியல டாக்டர்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அப்படியானால் போய்ப் படி" என்றார். பின்னால் நின்ற அட்டெண்டன்ட் சிரித்தாள். அந்தச் சொல்லை அதற்கப்புறம் நான் தொடவில்லை.

பேசாத மனுஷன் கதையையும் சொல்லிவிடுகிறேன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஓர் ஆளைச் சாக்குத் தூளியில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லேசான காய்ச்சல், சிவந்த கண், ஓயாத பேச்சு. துரையைத் திட்டினான், கங்காணியைத் திட்டினான், யாரோ செத்துப்போன மாட்டைக் கூப்பிட்டான். நான் பார்த்த மாத்திரத்தில், "கசிப்புச் சாராயம். தெளிஞ்சதும் அனுப்பிடலாம்" என்றேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து, தலைமாட்டில் நின்ற பெண்டாட்டியிடம், "எனக்கு இவரத் தெரியாதே. எப்பவும் எப்புடிங்க பேசுவாரு?" என்று கேட்டாள்.

"இவரு பேசவே மாட்டாருங்க மிஸி" என்றாள் அந்தப் பெண்டாட்டி. "கல்யாணம் கட்டி பதினாலு வருசம். சோறு வேணும்னாக்கூட கையத்தான் காட்டுவாரு. நேத்துலருந்துதான் இப்புடி."

அவள் எழுந்து நேராக டாக்டரிடம் போனாள். அவர் வந்து அந்த ஆளின் முதுகில் ஊசி போட்டுத் தண்டுநீர் எடுத்துப் பார்த்து, மூளையே காய்ந்துகொண்டிருக்கிறது, மூளைக்காய்ச்சல் என்றார். இன்றைக்கு இருக்கிற மருந்தும் மெஷினும் அன்றைக்கு இல்லை. வலிப்பை அடக்கப் பரால்டிஹைடு ஊசி. அதன் நாற்றம் மூன்று நாளைக்கு உடுப்பில் நிற்கும். அதற்குமேல் எல்லாம் கைவேலைதான். ஒருக்களித்துப் படுக்க வைத்து இரண்டு மணிக்கொருதரம் புரட்ட வேண்டும். தொண்டையில் சேருகிற சளியைக் காலால் மிதிக்கும் பம்பில் ரப்பர் குழாய் மாட்டி இழுக்க வேண்டும். மூக்குவழிக் குழாயில் கஞ்சித் தண்ணீர் விட வேண்டும். மூடாத கண்ணுக்கு ஈரத்துணி. கால்மணிக்கொருதரம் மூச்சை எண்ணி, டார்ச் அடித்துக் கண்மணி இரண்டும் ஒரே அளவா என்று பார்த்து எழுத வேண்டும். அவள் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நாலு நாள் இதைச் செய்தாள். ஐந்தாம் நாள் அந்த மனுஷன் செத்துப்போனான்.

எனக்குத் துக்கமாக இருந்தது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கருமாதி முடிந்த மறுவாரம் அந்தப் பெண்டாட்டி ஒரு கட்டு லீக்ஸும் நாலு முள்ளங்கியும் தூக்கிக்கொண்டு எட்டு மைல் நடந்து வந்தாள். அவளுக்குத்தான். நான் பிழைக்க வைத்தவர்களில் ஒருத்தர்கூட எனக்கு ஒரு கீரைக்கட்டு கொண்டுவந்து தந்ததில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்த முள்ளங்கியில் எனக்கும் ஒன்று கொடுத்தனுப்பினாள். நான் அதைச் சமைக்கவில்லை.

இப்படியிருக்கையில், பெரிய வார்டை ஒட்டி மோசமான நோயாளிகளுக்கென்று ஓர் அறை கட்டினார்கள். இரண்டு கட்டில், ஆக்சிஜன் சிலிண்டர், புதுப் பம்பு, பூட்டு போட்ட மருந்து அலமாரி. சாவி ஒரு நர்ஸிடம் இருக்கும். அந்த நர்ஸ்தான் அறைக்குப் பொறுப்பு. மாத முடிவில் முடிவு செய்வோம் என்று மேட்ரன் சொல்லிவிட்டார். அந்த மாதம் முழுக்க நான் நேரத்துக்கு முன்னால் வந்தேன், நேரம் கழித்துப் போனேன், கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னேன்.

அந்த மாதத்தில்தான் என் மகளுக்குச் சின்னமுத்து போட்டது.

காய்ச்சல், கண்ணில் நீர், மூன்றாம் நாள் முகமெல்லாம் சிவப்பு மணல். எந்த நர்ஸுக்கும் தெரிகிற நோய், தட்டம்மை. ஆனால் நாங்கள் அதை நோய் என்று சொல்வதில்லை. அம்மா வந்திருக்கிறாள் என்போம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூடாது, மருந்து கொடுக்கக்கூடாது, தண்ணி ஊற்றி இறக்குகிறவரை வெளியே பேசக்கூடாது. எங்கள் குளிரில் வேப்பமரம் வளராது. மாரியம்மன் கோயில் பூசாரி கீழ்நாட்டிலிருந்து வரவழைத்து வைத்திருந்த வாடிய வேப்பிலையைப் புருஷனை விட்டு வாங்கிவரச் சொல்லி, தலைமாட்டில் வைத்தேன். மாமியார் மேல் பழியைப் போட எனக்கு ஆசைதான், ஆனால் அவர் அப்போது இந்தியாவில் இருந்தார்.

அம்மனுக்குப் பயந்தது பாதி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இத்தனை தூரம் சுற்றி வந்திருக்கிறேன். ஒட்டுவாரொட்டி நோய் வீட்டில் இருந்தால் நர்ஸ் உடனே மேட்ரனிடம் சொல்ல வேண்டும். மூன்று வாரம் வேலைக்கு வரக்கூடாது. மூன்று வாரம் நான் வீட்டில் இருந்தால் சாவி அவள் இடுப்புக்குப் போய்விடும். எனவே பக்கத்து வீட்டுக் கணக்கப்பிள்ளை மனைவியிடம் மகளை விட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு தினமும் வேலைக்குப் போனேன். வார்டில் இருந்த மற்ற பிள்ளைகளை நினைத்தேனா என்று கேட்காதீர்கள்.

ஏழாம் நாள் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தண்ணி ஊற்றினேன். மணல் இறங்கிவிட்டது. பிள்ளை எழுந்து விளையாடினாள். அம்மா போய்விட்டாள் என்று கற்பூரம் கொளுத்தினேன். இரண்டு நாள் கழித்து மகள் மறுபடியும் சுருண்டு படுத்தாள். தலை வலிக்கிறது என்றாள், வாந்தி எடுத்தாள், தேத்தண்ணிக் கோப்பையைத் தலைகீழாகப் பிடித்து வாயருகே கொண்டுபோனாள். விடிந்ததும் வலிப்பு வந்தது. தோட்டத்து லொறியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

அந்தப் புது அறையில் முதன்முதலாகப் படுத்தது என் மகள்தான்.

"இதற்கு முன் என்ன நோய் இருந்தது?" என்று டாக்டர் கேட்டார். மேட்ரன் பக்கத்தில் நின்றார். "ஒண்ணும் இல்லை டாக்டர். நேற்றுத்தான் காய்ச்சல்" என்றேன். என் வாய் பழக்கப்படி உடனே பதில் சொல்லிவிட்டது.

முதுகிலிருந்து எடுத்த நீர் தெளிவாக இருந்தது. சீழ் இல்லை. டாக்டர் தன் மைக்ராஸ்கோப்பில் அரைமணி நேரம் குனிந்து பார்த்துவிட்டு வந்து, காசநோய் மூளைக்கு ஏறியிருக்கலாம் என்று பயப்படுவதாகச் சொன்னார். அப்படியென்றால் முதுகிலேயே தினமும் மருந்து ஏற்ற வேண்டும், மாதக்கணக்கில். கண்டிக்குத்தான் அனுப்ப வேண்டும். மூன்று மணிக்கு வேன் வரும் என்றார். நுவரெலியா ஏறி, ரம்பொடை வளைவுகளில் இறங்கி, அவ்வளவு தூரம். காலையிலிருந்து நாலு வலிப்பு வந்துவிட்ட பிள்ளை. வழியில் தொண்டை அடைத்தால் பம்பு கிடையாது, சிலிண்டர் கிடையாது. எனக்கு இது எல்லாம் தெரியும். சின்னமுத்து இறங்கியபின் சில பிள்ளைகளுக்கு மூளை வீங்கும் என்று கண்டியில் படித்ததும் தெரியும். நான் சொல்லவில்லை.

இரண்டரை மணிக்கு அவள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்காருவதைக் கண்டாலே எனக்கு ஆகாது. மகளின் மூச்சை எண்ணினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் புரியல புள்ள. பாப்பாவப் பத்தி நீ சொல்லு."

"அதான் டாக்டர்ட்ட சொன்னேனே."

"சரி." மகளின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். "வண்டியில ஏத்துனா கண்டி போய்ச் சேருமான்னு தெரியல. ஏத்தாட்டி நல்லதான்னும் தெரியல. எனக்குப் பயமா இருக்கு புள்ள."

எத்தனையோ நோயாளியிடம் அவள் தெரியாது என்று சொன்னதைக் கேட்டு அது ஒரு தந்திரம் என்று நினைத்திருக்கிறேன். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை என்று தெரிந்தது. நான் உடைந்துபோனேன்.

"அம்மா வந்திருந்தா" என்றேன்.

வேதக்காரியாக இருந்தாலும் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவள். அதற்குமேல் விளக்கம் கேட்கவில்லை. "பெரிய முத்தா, சின்னமுத்தா?"

"சின்னமுத்து."

"தண்ணி ஊத்தி எத்தன நாளு?"

"மூணு."

"அட, பாவி" என்றாள். என்னையா, தன்னையா என்று தெரியவில்லை. எழுந்து வெறுங்காலோடு ஓடினாள்.

அவள் டாக்டரிடம் சொல்வதைக் கதவோரம் நின்று நான் கேட்டேன். "டாக்டர், பாப்பாவுக்கு காதுக்குப் பின்னால தோல் உரிஞ்சிருக்கு. முதுகுல பழுப்பா தடம் இருக்கு. சின்னமுத்து வந்து போயிருக்கு டாக்டர், ஒரு பத்து நாளைக்குள்ள." அவள் மகளின் காதுக்குப் பின்னால் பார்க்கவேயில்லை. தெரியாததைத் தெரிந்ததாக அவள் சொன்னது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு தடவைதான். டாக்டர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். தவிடுபோல் தோல் உரிந்துதான் இருந்தது. பெற்ற தாய் எனக்குத் தெரியாதா! அவர் என் பக்கம் திரும்பி, "நீ கவனிக்கவில்லையா?" என்றார்.

"அது பகலெல்லாம் இங்கதானே டாக்டர் நிக்குது" என்று அவள் முந்திக்கொண்டாள். "பிள்ளைய பக்கத்து வீட்டுலதான் விட்டுட்டு வருது. லேசா போட்டு எறங்கியிருக்கும்."

காசநோய் இல்லை, சின்னமுத்துக்குப் பின்வரும் மூளைக்காய்ச்சல் என்று டாக்டர் முடிவுக்கு வந்தார். இதற்குத் தனி மருந்து இல்லை, இருந்த இடத்தில் ஆடாமல் அசையாமல் வைத்துக் காப்பாற்றுவதுதான் என்றார். வேன் திரும்பிப் போனது.

அதற்கப்புறம் ஐந்து நாள். மேட்ரன், "நீ இப்போ நர்ஸ் இல்லை, தாய். தொடாதே" என்று சொல்லி ஒரு ஸ்டூலில் என்னை உட்கார வைத்தார். என் கண்ணெதிரே அவள் என் மகளைப் புரட்டினாள், சளி இழுத்தாள், மூக்குக் குழாயில் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டாள், காய்ச்சல் ஏறினால் ஈரத்துணி போர்த்தினாள். என் மகளின் மூச்சை எண்ணும் உரிமை அவளுக்கு இருந்தது, எனக்கு இல்லை. நன்றி வர வேண்டிய இடத்தில் எனக்கு வந்தது எரிச்சல். அவள் எங்கேயாவது ஒரு பிழை விடுவாளா என்றுகூடப் பார்த்தேன். பிழை விட்டால் போவது என் பிள்ளையின் உயிர் என்று தெரிந்தும் பார்த்தேன். மனசு அப்படி ஒரு கழுதை.

ஐந்தாம் நாள் பகல் பதினொரு மணிபோல, அவள் துணி பிழிந்துகொண்டிருந்தபோது மகள் கண் விழித்தாள். கண் வெறுமனே திறப்பது வேறு, விழிப்பது வேறு, இது விழிப்பு. நான் உடனே துணி பிழிந்தவளின் முகத்தைத்தான் பார்த்தேன். பெருமை தெரிகிறதா என்று. கன்னம் இரண்டும் நனைந்திருந்தது, அவ்வளவுதான். மகளின் வலது கை மூன்று மாதம் சுணங்கியது. சில சொற்களை மறுபடியும் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் பிழைத்துவிட்டாள்.

மாத முடிவில், ஆஸ்பத்திரியைப் பார்வையிடப் பெரிய துரை வந்தார். புது அறையில் எங்களையெல்லாம் வரிசையாக நிறுத்தினார்கள். டாக்டர் துரையிடம் அவளைக் காட்டி, காதுக்குப் பின்னால் தோல் உரிந்ததைப் பார்த்தே நோயைப் பிடித்துவிட்டாள், என் கண்ணுக்கே தப்பியது, ஒரு பிள்ளையைக் காப்பாற்றினாள் என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனார். துரை அவளுக்குக் கை கொடுத்தார். மேட்ரன் சாவியை எடுத்தார். அவள் குனிந்த தலை நிமிராமல் நின்றாள்.

என் வேலையை, என் மானத்தை, எல்லாவற்றையும் மறைத்துக் காப்பாற்றியிருந்தாள். நான் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டு நிற்பது ஒன்றுதான்.

"அவ கண்டுபிடிக்கல டாக்டர்" என்றேன். "காதுக்குப் பின்னால அவ பாக்கவே இல்ல. நான்தான் சொன்னேன்."

அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. வேப்பிலை, பக்கத்து வீடு, ஏழாம் நாள் தண்ணி, டாக்டர் கேட்டபோது சொன்ன பொய். மேட்ரன் முகம் கறுத்தது. மூன்று வாரம் வேலைக்கு வரக்கூடாது என்றார். பிறகு ஒரு வருஷம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. டாக்டர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதைச் சொல்லத் தைரியம் வேண்டும்" என்றார். அந்த ஆஸ்பத்திரியில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். சாவி அவளிடமே போனது.

நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, தேத்தண்ணி அறையில் அவள் உள்ளங்கையில் சீனியோடு நின்றிருந்தாள்.

"எதுக்குப் புள்ள சொன்ன? யாரும் கேக்கலியே."

மனசாட்சி உறுத்தியது என்று சொல்லியிருக்கலாம். டாக்டரே அப்படித்தான் நம்பிவிட்டார். ஆனால் அவளிடம் பொய் சொல்ல வரவில்லை.

"ஒன்னயப் புகழ்ந்தத என்னால பொறுக்க முடியல."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தலையை ஆட்டினாள், ரொம்ப நாளாகத் தெரிந்த சங்கதியைக் கேட்டவள் மாதிரி.

"அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன்" என்றாள். "பாப்பா கண்ணு முழிச்சதும் என்னயப் பாக்கல. அங்க இங்க தேடி, ஒன்னயக் கண்டுபுடிச்சு, ஒன்னயவே பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. நீதான் பாப்பாவப் பாக்கல. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்த."

நான் வீட்டுக்கு நடந்தேன்.